ஸ்பிரிங் தெறித்த காலை

கோப்பாயில் எங்கள் கார்க் கொட்டகையில் ஒரு பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார் நிற்கிறது. என் கணவர் அதற்கு முன்பிருந்த அதே சிவப்பைப் பூசி, இருக்கைகளுக்குப் புதுத் தோல் போட்டார். கார் கொஞ்சம் தணிந்து நிற்க வேண்டுமென்று சில்லுகளுக்கு மேலுள்ள ஸ்பிரிங்குகளையும் தானே மாற்றத் தொடங்கினார்.

அன்று காலை, இரவல் வாங்கிய இறுக்கி என்ற கருவியால் பழைய ஸ்பிரிங்கை அமுக்கிச் சுருக்கியபடி அதன் மேலேயே குனிந்திருந்தார்.

"இஞ்சாருங்கோ, உங்கடை தம்பி லண்டனிலையிருந்து ஃபோன் எடுக்கிறான்!" என்று கூப்பிட்டேன்.

அவர் நிமிர்ந்து திரும்பிய நொடியில் இறுக்கி முறிந்தது. வெடிச் சத்தத்தோடு பாய்ந்த ஸ்பிரிங், அவர் முகம் இருந்த இடத்தால் போய்த் தகரக் கூரையைக் கிழித்தது. முறிந்த இரும்பு அவருடைய கையை முழங்கைவரை பிளந்தது. கார்க் கதவில் இரத்தம் வழிந்தது.

"ஒண்டுமில்லை, பயப்பிடாதேயும்" என்றவர், கூரையில் விழுந்த ஓட்டையைக் கண்டதும் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார்.

"என்ரை தலையெல்லோ போயிருக்கும்!"

துவாயால் கையை இறுக்கிக் கட்டி, ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

காயம் ஆறிவிட்டது. ஸ்பிரிங்குகளைக் கராஜில் மாற்றினோம். மற்ற வேலைகளை இன்னும் வீட்டிலேதான் செய்கிறார். ஒவ்வொரு முறையும், "இது கழண்டால் எங்கை பாயும்?" என்று கேட்கிறேன். அவர் விரலால் காட்டி, அந்தப் பக்கத்திலிருந்து விலகிய பிறகுதான் ஸ்பானரைக் கையில் கொடுக்கிறேன்.