இன்னாசிமுத்துவின் ஐம்பது பந்துக்காரர்கள்

இன்னாசிமுத்துவை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பாவமாக இருக்கிறது, பற்றிக்கொண்டும் வருகிறது. ஆரணியில் என் பக்கத்து வீட்டுக்காரன். தறியில் ஏற்றுமுன் பட்டுப் பாவுக்குக் கஞ்சி போடுவது அவன் தொழில். தெரு நீளத்துக்குப் பாவை இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சி தடவி, முன்னும் பின்னும் நடந்து நடந்து இழைகளை நீவிவிட வேண்டும். முழங்கால் வீங்கிய பிறகு அந்த நடை அவனுக்கு நரகமாகிவிட்டது.

அப்போது வேலூர் ரயில் பாதை புதிது. அதை மேற்பார்த்த வெள்ளைக்காரத் துரைக்கு ஒரு கிறுக்கு. சிகரெட்டுப் பெட்டிக்குள் சின்ன அட்டை ஒன்று வரும். அதில் காலால் பந்து உதைக்கும் சீமை ஆட்டக்காரன் ஒருவனின் படம் இருக்கும். மொத்தம் ஐம்பது பேர். ஐம்பதும் துரைக்கு வேண்டும். ஆனால் அவர் பிடிப்பதோ சுருட்டு! அவருடைய பட்லர் தாவீதுதான் வந்து சொன்னான்.

"ஐம்பதையும் புதுசு மாதிரி குடுத்தா, ரயில் கேட்டுல காவல்காரன் வேலை போட்டுத் தரேன்றாரு. உக்காந்துகினே சம்பளம் வாங்கலாம்ணா!"

வெள்ளைக்கார டிரைவர்கள் எறிந்த பெட்டிகளைத் தேடி, இன்னாசிமுத்து இரண்டு வருஷம் நொண்டிக்கொண்டே ஸ்டேஷனுக்கு அலைந்தான். மூலை தேய்ந்தது ஆகாது, கறை பட்டது ஆகவே ஆகாது. பார்த்தவுடன் தேறுமா தேறாதா என்று சொல்லிவிடுவான்.

"கோடு போட்ட சட்டைக்காரன் நாலு கீறான். பந்து உள்ள போவாம கூண்டு காக்கிறவன் ஒருத்தன் ஆப்புடவே மாட்றான்" என்று என்னிடம் புலம்புவான்.

அவனும் கிடைத்தான். ஆனால் ஐப்பசி அடைமழையில் ஐம்பது அட்டையும் நமுத்துத் துவண்டு போயின. இந்த மடையன் என்ன செய்தான் தெரியுமா? ஒவ்வொன்றுக்கும் மெல்லிசாகக் கஞ்சி தடவி நிழலில் காயவைத்தான்! துவண்ட பட்டு இழையை நிமிர்த்திப் பழகிய கை. அதற்கு வேறென்ன தெரியும்? காய்ந்ததும் விறைப்பாக நின்றன. மனுஷன் பூரித்துப்போனான்.

மறுநாள் அவனோடு நானும் போனேன். துரை ஓர் அட்டையை எடுத்தார், முகர்ந்தார். கட்டைவிரலில் சாயம் ஒட்டியது. மற்றதையும் புரட்டிவிட்டு ஏதோ முணுமுணுத்தார்.

தாவீது தலையைக் குனிந்துகொண்டான். "மதிப்பே இல்லியாம்ணா. ஒண்ணுகூட ஆவாதாம்."

"நானே கைப்பட கஞ்சி போட்டேன்னு சொல்லுப்பா. எம்மாம் வெறப்பா கீது, பாக்கச் சொல்லு!"

தாவீது அதைத் துரையிடம் சொல்லவில்லை. துரை உள்ளே போய்விட்டார்.

இன்னாசிமுத்து அட்டைகளை மடியில் கட்டிக்கொண்டு நொண்டியபடி திரும்பினான். வீட்டு வாசலில் அவன் பெண்டாட்டி அந்தோணியம்மாள் முகமெல்லாம் சிரிப்பாக நின்றாள்.

"நீங்க கெளம்பினதுமே முதலாளியாண்ட போய் சொல்லிட்டேன், எங்கூட்டுக்காரரு இனிமே பாவு வேலைக்கு வரமாட்டாருன்னு. ஜல்தியா வேற ஆளை வெச்சுகினாரு. உக்காருங்க, நீங்க நடந்ததெல்லாம் போதும்."

அவன் உட்கார்ந்தான். அந்த முகத்தைப் பார்க்க மாட்டாமல் நான் என் வீட்டுக்குள் போய்விட்டேன்.