நானே நடத்திய இன்டர்வியூ

1991-இல் சுங்குவார்சத்திரம் பக்கம் புதிதாக வந்த தொழிற்சாலைக்கு டைப்பிஸ்ட் வேலை கேட்டுப் போனேன். இதுவும் கிடைக்காவிட்டால் மாப்பிள்ளை பார்த்துவிடுவேன் என்று அப்பா சொல்லியிருந்தார். கட்டடம் முடியாததால் தகரக் கொட்டகையில்தான் இன்டர்வியூ. பயத்தில் என் பெயரே மறந்துவிடும்போல இருந்தது.

எதிரே டை கட்டிய இளம் அதிகாரி.

"உங்க பேரு?"

சொன்னேன்.

"எந்த ஊரு?"

"பிள்ளைப்பாக்கம் சார்."

கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துவிட்டு, "உங்க பேரு?" என்றார் மறுபடியும். பேனா கை நழுவி விழுந்தது. எடுக்கக் குனிந்தவர் நிமிரும்போது மேசையில் தலையை இடித்துக்கொண்டார்.

"மொதல்ல தண்ணி குடிங்க சார்" என்று தம்ளரை நகர்த்தினேன்.

குடித்துவிட்டு, "நான் ஆள் எடுக்கிறது இதான் மொதல் தடவைம்மா. மேனேஜர் திடீர்னு உக்கார வச்சிட்டாரு" என்றார்.

எனக்கு எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ! "டைப்பிங் ஸ்பீடு கேளுங்க சார்" என்றேன். கேட்டார்.

"எப்ப சேருவேன்னு கேளுங்க."

"எப்ப சேருவீங்க?"

"நாளைக்கே சார்!"

இருவரும் சிரித்துவிட்டோம். வேலை கிடைத்தது.

இப்போதும் யார் முன்னால் போய் உட்கார்ந்தாலும், அவருக்கும் உள்ளுக்குள் உதறிக்கொண்டிருக்கலாம் என்று நினைத்துக்கொள்வேன். பல தடவை அது சரியாகவும் இருந்திருக்கிறது.