தெருமுனையிலேயே நின்ற அப்பா

ஆவடியில் நான் ஃபாக்டரி தொழிலாளி. என் எட்டு வயது மகள் மாலையில் ஃபாக்டரி குவார்ட்டர்ஸ் மன்றத்தில் கராத்தே கற்றாள். ஐந்தாவது வரைதான் படித்தவன் என்ற கூச்சத்தில், மாஸ்டரிடம் பேசாமல் தெருமுனையிலேயே காத்திருப்பேன்.

ஒருநாள் அவள் வரவில்லை. உள்ளே ஓடினேன்.

"நீ யாருப்பா? அவங்கப்பா காக்கிச் சட்டையில வந்து அப்பவே இட்டுகினு பூட்டாரே!" என்றார் மாஸ்டர்.

"நான்தான் சார் அப்பா" என்றேன். நானும் ஃபாக்டரி காக்கிச் சட்டையில்தான் நின்றேன். எங்கே தேடுவதென்றே தெரியவில்லை.

ஒவ்வொரு ரயில்வே ஸ்டேஷனாக அலைந்து திரிந்து நெமிலிச்சேரியில் அவளைக் கண்டேன். அவள் அழுவதைப் பார்த்து அங்கே பூ விற்ற ஒரு அம்மா சத்தம் போட, கூட்டி வந்தவன் ஓடிவிட்டானாம்.

"நீதான் அனுப்புனன்னு சொன்னாம்ப்பா" என்றாள் மகள்.

இப்போது தினமும் உள்ளே போய், மாஸ்டரிடம் முகம் காட்டி, நானே கைப்பிடித்து அழைத்து வருகிறேன். அவன் யாரென்று இன்றும் தெரியவில்லை. ஷிப்ட் விட்டால் எங்கள் தெரு முழுக்கக் காக்கிச் சட்டைதான்.