ஆடிட்டரிடம் எஸ்தர் மேடம் சொன்ன பதில்

"சார், எஸ்தர் மேடம் காலைல தவறிட்டாங்க." முதலாளிதான் போனில் சொன்னார். பிறகு, "வியாழக்கிழமை ஆடிட் இருக்கு. அவங்க எடத்துல நீங்கதான் உக்காரணும்," என்றார். அழ வேண்டிய நேரத்தில் எனக்கு ஆடிட்டை நினைத்துப் பயம் வந்தது. இந்த இரங்கல் கூட்டத்தில் இதை வாசிக்கும்போதும் அது அடங்கவில்லை.

நம் ஆம்பூர் ஷூ கம்பெனியில் அவர் தொழிலாளர் நல அலுவலர். நான் கணக்குப் பிரிவு. அவர் வந்த புதிதில், நம்மிடம் ஷூ வாங்கும் வெளிநாட்டு நிறுவனத்தின் ஆடிட்டர் தொழிலாளர் வசதிகளைச் சோதிக்க வரும் நாளில் மட்டும் குழந்தைகள் காப்பகத்தைத் திறப்போம். ஆபீஸ்காரர்கள் தங்கள் வீட்டுப் பிள்ளைகளைக் கொண்டுவந்து அதை நிரப்புவார்கள். தையல் பிரிவுப் பெண்களின் பிள்ளைகள் அவர்களுடைய ஊரான மாதனூரிலேயே இருக்கும். கம்பெனி பஸ்ஸில் குழந்தைகளை ஏற்ற அப்போது அனுமதியில்லை.

ஒருமுறை என் பேத்தியும் அங்கே இருந்தாள். ஆடிட்டரோடு நான் உள்ளே நுழைந்ததும், "தாத்தா, வீட்டுக்குப் போலாம்!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டாள்.

"இவங்க அம்மா எந்த லைன்ல வேலை செய்றாங்க?" என்று கேட்டார் ஆடிட்டர்.

என் மகள் வேலூரில் நர்ஸ். எஸ்தர் மேடம்தான் பதில் சொன்னார்: "அவங்க இங்க வேலை செய்யல சார். இங்க இருக்கற ஒரு புள்ளயும் தொழிலாளி புள்ள இல்ல. அதுங்கள நாங்க பஸ்ல ஏத்தறதில்ல."

ஆடிட்டர் போனதும் முதலாளி வெடித்தார். "இன்னாம்மா, வாய் ஜாஸ்தியா போச்சா? ஆர்டர் போச்சுன்னா எல்லாருக்கும் நீங்க சம்பளம் தருவீங்களா?"

"போச்சுன்னா மொதல்ல என்னைய அனுப்புங்க சார். காப்பகத்த தொறந்துட்டு அனுப்புங்க."

வெளியே வந்ததும் என்னிடம், "உங்க பேத்திய ஆடிட்டரா போடலாம் சார். ஒரே சத்தத்துல எல்லாத்தையும் வெளிய கொண்டாந்துட்டா," என்றார். எனக்குச் சிரிக்கத் தெம்பில்லை.

ஆர்டர் போகவில்லை, பாதியானது. கம்பெனியையே மூடிவிடுவார்களோ என்று அந்த சீசன் முழுதும் பயந்தேன். முதலாளி மனமில்லாமல்தான் காப்பகத்தைத் தினமும் திறந்து, பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்ற விட்டார். பிரசவத்தோடு நின்றுபோன பெண்கள் மெல்லத் திரும்பி வந்தார்கள். பழகிய கைகள் மெஷினில் உட்கார்ந்ததால் சரக்கு தவணைக்குள் போனது. குறைத்த ஆர்டரை அந்த நிறுவனம் திரும்பக் கொடுத்தது.

சமூகப் பொறுப்பு லாபம் தரும் என்று மேடையில் பேசுபவர்களின் உறுதி எனக்கு இல்லை. அதே சமயம் தோல் விலையும் இறங்கியிருந்தது. கம்பெனி மீள எது எவ்வளவு உதவியது என்று என்னால் பிரிக்க முடியவில்லை. எஸ்தர் மேடமிடமே இதைச் சொன்னேன். "பிரிக்க முடியலன்னே சொல்லுங்க சார். ஜாஸ்தியும் வேணாம், கம்மியும் வேணாம்," என்றார்.

இப்போது ஆர்டர்கள் மறுபடி குறைகின்றன. அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, செலவைக் காரணம் காட்டிக் காப்பகத்தை மூடினார்கள். வியாழக்கிழமைக்கு மட்டும் வீட்டுப் பிள்ளைகளைக் கொண்டுவரச் சொல்லி ஆபீஸில் பேச்சு வந்திருக்கிறது. ஆர்டர் போய்விட்டால் இங்கே உட்கார்ந்திருக்கும் உங்களில் யாருக்கு வேலை மிஞ்சும் என்று எனக்குத் தெரியாது.

அவரைத் தைரியசாலி என்று பலரும் பேசினீர்கள். அன்று நான் பக்கத்தில் நின்றேன். அவர் கை நடுங்கியது. தொட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் அந்தப் பதிலைச் சொன்னார். தைரியம் என் வயதில் இனி வராது. நடுக்கத்தோடும் பேசலாம் என்பதை மட்டும் அவரிடமிருந்து வைத்துக்கொள்கிறேன்.

முதலாளி முன்வரிசையில் இருக்கிறார். சார், வியாழக்கிழமை ஆடிட்டர் கேட்டால் காப்பகம் மூடிக் கிடக்கிறது என்றுதான் சொல்வேன். அதற்கு முன் திறந்துவிடுங்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.