ரேடியோவின் மேல் விழுந்த பழி

தம்பிக்கு மூன்று வயது முடிந்தும் பேச்சு வரவில்லை. அதற்குக் காரணம் எங்கள் வீட்டு டிரான்சிஸ்டர் ரேடியோதான் என்று கண்டுபிடித்தவர் திருச்சுழி மாமா, அம்மாவின் தம்பி. எழுபதுகளின் தொடக்கம் அது. நான் ஐந்தாம் வகுப்பு. மாமா கல்லூரியில் ஓராண்டு விஞ்ஞானம் படித்தவர். மீதியை டீக்கடைப் பத்திரிகைகளில் படித்து முடித்திருந்தார்.

“பாட்டு காத்துல அலையா வருதுல்லக்கா. நமக்கு மண்டையோடு கெட்டி, புள்ளைக்கு இளசு. அலை உள்ள பூந்து நாக்கு நரம்ப அமுக்கிப்புடும். மதுரையில பெரிய டாக்டரே சொல்லியிருக்காரு.”

அருப்புக்கோட்டையில் எங்கள் தெரு முழுக்கத் தறி. எங்கள் வீட்டிலும் விடிந்ததிலிருந்து தறிச் சத்தம்தான். அந்தச் சத்தத்தில் யாரும் யாரையும் கூப்பிட மாட்டோம். சாப்பிடக் கூப்பிடக் கையை வாயருகே கொண்டுபோவோம். நூல் வேண்டுமென்றால் விரலைச் சுழற்றுவோம். தம்பியும் கையாலேயே எல்லாம் கேட்டு வாங்கிக்கொள்வான், கெட்டிக்காரன். தறி ஓய்ந்ததும் அப்பா போடும் ரேடியோ எனக்கு உயிர். அதை விற்றுவிடப் போவதாக அப்பா சொன்னதும் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

மாமாவைத் துருவ ஆரம்பித்தேன். எந்த டாக்டர்? பேர் தெரியாது, சிநேகிதர் ஒருவர் சொன்னாராம். டீக்கடைக்காரர் மகன் ரேடியோவுக்கு அடியிலேயே வளர்ந்தவன், வாயை மூடுவதே இல்லையே? “அவனுக்கு ஒடம்பு வாகு வேற புள்ள.” ரேடியோவே இல்லாத மல்லாங்கிணறு பெரியம்மா மகனும் தாமதமாகத்தானே பேசினான்? “பக்கத்து வீட்டுல இருந்திருக்கும்.” எப்படிக் கேட்டாலும் மாமா நழுவிவிடுவது வேடிக்கையாக இருந்தது. தோற்கவே தோற்காத பேச்சில் ஏதோ கோளாறு இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

நேரிலேயே பார்த்துவிட முடிவு செய்தேன். அமாவாசையன்று தறி ஓட்ட மாட்டார்கள். வீடு அமைதியாக இருந்தது. மாமாவும் வந்திருந்தார். தம்பி முற்றத்தில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, நூல் சுற்றும் குச்சிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். ரேடியோவைத் தூக்கிப்போய் அவனுக்குப் பின்னால் வைத்து, சத்தத்தை முழுக்கத் திருகினேன். மாமா காதைப் பொத்திக்கொண்டார். தெருவில் போனவர் எட்டிப் பார்த்தார். தம்பி குச்சிமேல் குச்சியாக வைத்துக்கொண்டே இருந்தான்.

“பாருங்க மாமா. ரேடியோ இவன ஒண்ணுமே செய்யல.”

மாமா காதிலிருந்து கையை எடுத்துவிட்டுத் தம்பியையே பார்த்தார். அம்மா வந்து ரேடியோவை நிறுத்தினாள். தம்பிக்குப் பின்னால் குனிந்து கை தட்டினாள். பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள், பிறகு இன்னும் பலமாக. அவன் திரும்பவில்லை. அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

எனக்கோ பெருமை தாங்கவில்லை. மாமாவின் வாயை அடைத்திருந்தேன், ரேடியோவும் பிழைத்துவிட்டது. இதற்குப் போய் அம்மா ஏன் இப்படி அழுகிறாள் என்றுதான் விளங்கவில்லை. பக்கத்தில் போய் அவள் தோளைத் தொட்டு, “அழுகாதம்மா, ரேடியோ மேல தப்பே இல்ல” என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன்.