ஆடியில் பார்த்த வீடு

வீடு பார்க்கப் போனால் மற்றவர்கள் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்பார்கள். நான் விரலை வைப்பேன். ஜன்னல் கட்டையில், அலமாரியின் மேல்தட்டில், ஃபேன் இறக்கையில் விரலை வைத்து இழுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். வீட்டுச் சொந்தக்காரர்களுக்கு முகம் சுருங்கும். சுருங்கட்டும். என் மகளுக்கு மூன்று வயதிலிருந்து இளைப்பு. தூசி ஆகாது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து இந்த விஷயத்தில் எனக்கு வெட்கம் கிடையாது.

தூசியைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். நான் தேரிக்காட்டுப் பக்கம் பிறந்தவள். செம்மண் பறந்து வந்து சோற்றில் விழும் ஊர். தூத்துக்குடிக்கு வந்து நடு ஊரில் பத்து வருஷம் வாடகை வீடுகளில் இருந்தபோது, இந்த ஊர் அழுக்குக்கும் மாதம் உண்டு என்று தெரிந்துகொண்டேன். மேற்கேயிருந்து அடிக்கிற கச்சான் காற்று வைகாசியில் கிளம்பினால் ஆவணி வரை மண்தான். காலையில் பெருக்கியது மதியம் தெரியாது. ஐப்பசி, கார்த்திகையில் மழை. சுவரில் பூஞ்சை பூக்கும், காயாத துணியில் ஒரு வாடை ஏறும். உப்புக் காற்று வருஷம் முழுக்க. பூட்டுக்கெல்லாம் மாதம் ஒருமுறை எண்ணெய் விடாவிட்டால் சாவி உள்ளேயே நின்றுவிடும்.

என்னோடு ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த அக்கா ஒருவர், ஓய்வு பெற்று சொந்த ஊரான நாசரேத்துக்கே போவதாகவும், ஹார்பர் பக்கம் இருக்கும் தன் ஃபிளாட்டை விற்கப்போவதாகவும் சொன்னார். இரண்டாவது மாடி, பெரிய ஜன்னல்கள், பால்கனியில் நின்றால் கடல் தெரியும். என் கணவர் லாரி ஆபீஸில் கணக்கர். ஆபீஸ் அங்கேயிருந்து நடக்கிற தூரம். அவருக்கு அந்த வீடு முதல் பார்வையிலேயே பிடித்துவிட்டது. நான் மட்டும் பிடி கொடுக்கவில்லை. ஆடி மாதம் வரட்டும், காற்று அடிக்கும்போது வந்து பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வேன் என்றேன். ஆடியில் வீட்டுப் பேச்சே எடுக்கக் கூடாது என்று என் மாமியார் முணுமுணுத்தார். பேச வேண்டாம், பார்க்கலாம் இல்லையா என்று என் கணவர் எனக்காகப் பரிந்து பேசினார். ஆடியில் தேறிவிட்டால் அப்புறம் எந்த மாசத்துக்கும் பயப்பட வேண்டாம் என்றும் சொன்னார். கல்யாணமாகி அன்றைக்குத்தான் என் புத்தியை முதல்முறையாக மெச்சினார் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆடியில் மூன்று முறை போனேன். சொல்லிக்கொண்டு ஒரு முறை, சொல்லாமல் இரண்டு முறை. காற்று கதவை அறைந்து சாத்திக்கொண்டிருந்தது. விரலில் கொஞ்சம் செம்மண், அவ்வளவுதான். அதுவும் மேற்கு ஜன்னலில் மட்டும். கடல் பக்கத்து ஜன்னல் கழுவி விட்டதுபோல் இருந்தது. என் மகள் வெறுந்தரையில் உருண்டு விளையாடினாள். ஒரு இருமல் இல்லை. அக்கா என் கணவரைப் பார்த்தார், அவர் ஜன்னலைப் பார்த்தார். அப்போது எனக்கு அது ஒன்றுமாகத் தோன்றவில்லை.

ஆவணியில் பால் காய்ச்சினோம். புரட்டாசி போனது, மழையும் வந்து போனது. மார்கழிக் கடைசியில்தான் அந்த அதிசயம் நடந்தது. என் கணவர் விடிகாலையில் எழுந்து வீடு துடைக்க ஆரம்பித்தார்.

இதன் அருமை தெரிய வேண்டுமானால் அவரைத் தெரிய வேண்டும். தின்ற தட்டைக் கழுவும் தொட்டியில் போடுவதையே பெரிய உதவியாக நினைக்கிறவர். அவர் பழைய லுங்கியைக் கிழித்துத் துணியாக்கி, முதலில் உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்து, அப்புறம் ஈரத்துணியால் ஜன்னல், மேசை, தரை எல்லாவற்றையும் துடைத்து, துணியை அவரே அலசிக் காயப்போட்டுவிடுவார். வேலைக்குக் கிளம்பும்போது கடல் பக்கத்து ஜன்னல்களைச் சாத்திவிட்டுப் போவதும் அவர்தான். நானும் மகளும் எழுந்திருக்கும்போது தரை ஈரம் உலர்ந்துகொண்டிருக்கும். பிள்ளைக்காகத்தான் என்றார். நான் ஸ்டாஃப் ரூமில் சொல்லாத ஆள் இல்லை. எனக்கு வாய்த்த புருஷனைப் பற்றி வெட்கமில்லாமல் பீற்றிக்கொண்டேன்.

ஆனால் தை பிறந்ததும் மகளுக்கு இளைப்பு திரும்பியது. முதலில் காலையில் ஒரு சீழ்க்கைச் சத்தம். பிறகு பள்ளிக்கூடத்துப் படிக்கட்டு ஏற முடியவில்லை. நெபுலைசரை மறுபடி பரணிலிருந்து இறக்கினேன். வீட்டில் தூசியே இல்லையே, எதனால் என்று நான் மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். தலையணையை மாற்றினேன், கம்பளியை எடுத்து அக்கம்பக்கத்தில் கொடுத்தேன், பொம்மைகளைக்கூடத் தூக்கிப் போட்டேன். அவள் அழுதாள்.

“பனிதான்” என்றார் என் கணவர். “பங்குனி வந்தா சரியாப் போயிரும்.”

மாசியில் ஒரு துக்கத்துக்காக அவர் விளாத்திகுளம் பக்கம் போய் இரண்டு நாள் தங்க வேண்டி வந்தது. மறுநாள் காலையில் எழுந்த மகளின் உள்ளங்கால் கறுப்பாக இருந்தது. தரையில் கையை வைத்தேன். கண்மைபோல் ஒட்டியது. கடல் பக்கத்து ஜன்னல் கட்டையில் விரலால் கோடு இழுக்கலாம். ஈரத்துணியை எடுத்துக்கொண்டு ஓடினேன். துடைக்கத் துடைக்கக் கறுப்புத் தீற்றலாக இழுத்துக்கொண்டே போனது. கீழ்வீட்டம்மாவிடம் கேட்டபோது, இதென்ன புதுசா என்பதுபோல் பார்த்தார். கப்பலில் வந்து இறங்குகிற நிலக்கரியாம். கச்சான் அடிக்கும்போது அதைக் கடலுக்குக் கொண்டுபோய்விடும். மழையில் அடங்கிக் கிடக்கும். தை பிறந்து காற்று கடலிலிருந்து திரும்பினால் வீட்டுக்குள்தான் வரும்.

எது மோசமான மாதமோ அதில் பார்த்து வாங்கினேன் என்று இருந்தேன். வருஷத்திலேயே அந்த வீடு சுத்தமாக இருக்கிற மாதத்தில் போய் விரலை வைத்துப் பார்த்திருக்கிறேன்.

மகளை அன்றைக்கே சாயர்புரத்தில் என் தங்கை வீட்டில் விட்டேன். அங்கிருந்து நேரே நாசரேத்துக்கு பஸ் ஏறினேன். துடைத்த துணியை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துப் போயிருந்தேன். வழியெல்லாம் அந்த அக்காவை என்ன கேட்க வேண்டும் என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். பிள்ளையின் இளைப்பு தெரிந்தும் விற்றாரே என்று வயிறு எரிந்தது. தினமும் இந்தக் கரியை விவரம் தெரியாமல் துடைத்துக்கொண்டிருந்த என் கணவரை நினைத்துப் பாவமாகவும் இருந்தது. அதைத்தான் இப்போது நினைத்தால் தாங்க முடியவில்லை.

அக்கா பையைத் திறந்து பார்த்தார். ஆச்சரியப்படவில்லை.

“ஏளா, நான் சொல்லாம விப்பேனா?” என்றார். “ஒன் வீட்டுக்காரர்ட்ட மொதல்லயே சொன்னேனே. தை பொறந்தா கரி வரும், பிள்ளைக்கு இளைப்பு இருக்கு, யோசிச்சுக்கோங்கன்னேன். ‘அவகிட்ட நான் சொல்லிக்கிடுதேன்க்கா’ன்னாரு.”

அவர் காபி கொண்டு வந்து வைத்தார். ஆடியில் நான் வந்தபோது எல்லாம் தெரிந்துதான் வந்திருக்கிறேன் என்று அவர் நினைத்திருந்தார். இவள் என்ன, தெரிந்த பிறகும் விரலை வைத்து வைத்துப் பார்க்கிறாளே என்று தோன்றியதாம். துணியை வாங்கி அவரே அலசிக் கொடுத்தார். பஸ்ஸில் திரும்பும்போது அது மடியில் ஈரமாக இருந்தது.

விளாத்திகுளத்திலிருந்து அவர் அன்று சாயங்காலம் வந்தார். கேட்டேன். மறுக்கவில்லை. சொந்த வீடு என்று ஒன்று அமைந்து வரும்போது நான் தட்டிக் கழித்துவிடுவேன் என்று பயந்தாராம்.

“காலம்பற ஒரு மணி நேரம் முன்னக்கூட்டி எந்திரிச்சா சமாளிச்சிரலாம்னு நெனச்சேன்” என்றார்.

அவர் சமாளித்தது என்னைத்தான். மகள் மூச்சுக்குத் திணறியபோது பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்த அதே மனுஷன்தான் பனி என்றார். நான் பொம்மைகளைத் தூக்கிப் போட்டபோது குப்பைப் பையின் வாயைப் பிடித்துக்கொண்டிருந்ததும் அவர்தான். சண்டை போட்டிருக்கலாம். எனக்கு அவ்வளவு கோபம் வந்தால் சத்தம் வராது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வழக்கம்போல் விடிகாலையில் எழுந்து துணியை எடுத்தார். நான் விழித்துக்கொண்டுதான் இருந்தேன்.

“இன்னைக்குத் தொடைக்காதீங்க” என்றேன். “எவ்வளவு வருதுன்னு நானும் பாக்கணும்.”

துணியைக் கொடியில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். கடல் பக்கத்து ஜன்னல்களை நான் அகலத் திறந்து வைத்தேன். சமைத்தேன், சாப்பிட்டோம், மேசையை மட்டும் யாரும் தொடவில்லை. வெயில் சாயும்போது அதன் மேல் போட்டிருந்த வெள்ளை விரிப்பு சாம்பல் நிறத்துக்கு மாறியிருந்தது. நான் விரலை வைத்து இழுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நகக்கண் வரை கறுப்பு. அவரும் எழுந்து வந்து பக்கத்தில் நின்று பார்த்தார்.

“இன்னைக்குக் கொறவுதான்” என்றார்.

எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னார். நான் உள்ளே போய் மகளின் சட்டைகளை எல்லாம் அலமாரியிலிருந்து எடுத்து, ஒவ்வொன்றாக உதறி, பையில் மடித்து வைத்தேன். பிறகு என் சேலைகளை எடுத்தேன்.