ஓரமா நிறுத்திட்டேன்

அலுவலகத்தில் அவளுக்குக் கழுகு என்று பேர். கூட வேலை பார்க்கும் சின்னப் பெண்கள் கழுகக்கா என்று கூப்பிடுவார்கள். அதில் அவளுக்கு வருத்தம் இல்லை. சொல்லப்போனால் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமை. நகரத்துச் சாலைக் கேமராக்கள் நாள் முழுக்க எடுத்துத் தள்ளுகிற படங்களைப் பார்த்து, வண்டி ஓட்டுகிறவர் கையில் இருப்பது செல்போனா இல்லையா என்று சொல்வதுதான் அவள் வேலை. முதலில் இயந்திரம் சந்தேகப்படும். அதற்குச் சந்தேகப்பட மட்டும்தான் தெரியும். சீப்பு, மூக்குக்கண்ணாடிக் கூடு, பாதி கடித்த ரொட்டி, காதைச் சொறிகிற வெறும் கை எல்லாமே அதற்குச் செல்போன்தான். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து, ஆம் அல்லது இல்லை என்று அழுத்த ஒரு மனுஷி வேண்டியிருந்தது. மற்றவர்களுக்குப் பத்து விநாடி ஆகும் படத்தை அவள் நாலு விநாடியில் முடித்துவிடுவாள்.

படத்தில் யாருடைய முகமும் தெரியாது. தெரிந்த முகம், தெரியாத முகம் என்ற பேச்சே வரக்கூடாது என்று, முகத்தையும் வண்டி எண்ணையும் இயந்திரமே மங்கலாக்கிவிடும். கழுத்திலிருந்து முழங்கால் வரைதான் பளிச்சென்று இருக்கும். 'ஓட்டுநர் உங்களுக்குத் தெரிந்தவராக இருந்தால் மேலதிகாரிக்கு அனுப்பவும்' என்று வேலைக்குச் சேரும்போது ஒரு தாளில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அதற்காக 'மேலே அனுப்பு' என்று திரையின் ஓரத்தில் ஒரு பொத்தான்கூட உண்டு. ஆறு வருஷத்தில் அதை யாரும் தொட்டது இல்லை. தலையில்லாத ஆளில் யாரைத் தெரியப் போகிறது என்று பெண்கள் கேலி பேசுவார்கள்.

வண்டி ஓட்டும்போது கையில் போன் கூடாது என்ற சட்டத்தால் உருப்படியாக ஏதாவது நடக்கிறதா என்று சொந்தக்காரர்கள் கேட்டால் முதல் இரண்டு வருஷம் அவள் மார்தட்டிக்கொண்டுதான் பதில் சொன்னாள். காதில் போனை வைத்துக்கொண்டு ஓட்டுகிறவர்களின் படம் மழையாகக் கொட்டிக்கொண்டிருந்தது தூறலாகக் குறைந்தது. சுவரில் ஒட்டிய வரைபடத்தில் கோடு இறங்கு முகம். மேலதிகாரி கேக் வெட்டினார். அவளும் ஒரு துண்டு சாப்பிட்டாள். மூன்றாவது வருஷம்தான் அவளுக்கு உறைத்தது. போன் போகவில்லை, காதிலிருந்து மடிக்கு இறங்கியிருந்தது. கேமரா இருக்கும் முனை வந்தால் கீழே வைப்பார்கள், தாண்டியதும் எடுத்துக்கொள்வார்கள். எந்த முனையில் கேமரா என்று எச்சரிக்க ஒரு வசதி வந்திருந்தது. அது எங்கே வந்தது? அதே போனில்தான். காதில் வைத்திருந்தவனாவது ரோட்டைப் பார்த்தான், மடியில் வைத்திருப்பவன் எதைப் பார்க்கிறான்? சட்டம் கையைத்தான் கேட்டது, கண்ணைக் கேட்கவில்லை. இதை ஒரு தடவை மேலதிகாரியிடம் சொல்லிப் பார்த்தாள். கோடு இறங்கியிருக்கிறதே அம்மா என்றார்.

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே அவள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தாள், அன்றிலிருந்து அது இன்னும் கூடிற்று. காரணம், அவள் வீட்டுக்காரருக்கு வண்டி ஓட்டுவதுதான் பிழைப்பு. பள்ளிக்கூட வேன். காலையில் பதினாலு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய், சாயங்காலம் பதினாலு வீட்டில் இறக்கிவிட வேண்டும். பொறுமைசாலி. பிள்ளைகள் பின்னால் கூரையைப் பிய்த்தாலும் திரும்பி முறைக்க மாட்டார். ஆனால் போன் விஷயத்தில் இரண்டு முறை மாட்டிக்கொண்டிருந்தார். இரண்டு நோட்டீஸும் வீட்டு மேசை இழுப்பறையில் கிடந்தன. அந்த இரண்டு படமும் வேறு யாரோ பார்த்து ஆம் சொன்னவை. அன்று அவள் அவரைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினாள். மூன்றாவது முறை மாட்டினால் பிள்ளைகளை ஏற்றும் உரிமம் போய்விடும். ஆறு மாதமோ ஒரு வருஷமோ, அது அவர்கள் இஷ்டம். ஐம்பது வயதில் அவருக்கு வேறு வேலை தெரியாது.

நாள் முழுக்க அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு ஒரு பெண்ணால் சும்மா இருக்க முடியுமா? அவளால் முடியவில்லை. வேலை நேரத்தில் எல்லார் போனும் நடைபாதை அலமாரியில் பூட்டிக் கிடக்கும். நாலு பத்துக்குத்தான் கால் மணி நேர இடைவேளை. கதவு திறந்ததும் நேராக அலமாரிக்குப் போய்ப் போனை எடுத்து அவரைக் கூப்பிடுவாள். பத்திரமாகத்தானே இருக்கிறீர்கள் என்று கேட்பாள். "ஓரமா நிறுத்திட்டேன், சொல்லு" என்பார் அவர். ஒவ்வொரு நாளும் அதே வார்த்தை. அதைக் கேட்டால்தான் அவளுக்கு டீ தொண்டையில் இறங்கும். ஆறு வருஷமாக ஒரு நாள் தவறியதில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை நாலு மணி மூன்று நிமிஷத்துக்கு ஒரு படம் வந்தது. காக்கி நிறச் சட்டை, வலது கை காதருகே, கையில் செல்போன். பச்சைப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். விரல் ஆம் பொத்தானுக்குப் போய்விட்டது. அப்போதுதான் கட்டை விரலைப் பார்த்தாள். அதில் மஞ்சள் வாத்துப் படம் போட்ட பிளாஸ்திரி.

சின்னப் பிள்ளைகளுக்காக வேனில் வைத்திருக்கும் பிளாஸ்திரி அது. ஞாயிற்றுக்கிழமை டயர் மாற்றும்போது விரலை நசுக்கிக்கொண்டு வந்தவருக்கு அவள்தான் ஒட்டிவிட்டாள். பெரிய மனுஷன் வாத்து ஒட்டிக்கொண்டு போகிறார் என்று சிரித்ததும் அவள்தான். ஊரில் வேறு யாரும் வாத்து ஒட்டியிருக்கக்கூடாதா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சட்டைப் பொத்தானைப் பார்த்தாள். மேலிருந்து மூன்றாவது, நீல நூலில் தைத்தது. காக்கி நூல் தீர்ந்துபோன அன்று, யார் பார்க்கப் போகிறார்கள் என்று சொல்லி அவளே தைத்தது.

படத்தின் கீழே நேரம் இருந்தது. திங்கட்கிழமை, நாலு பன்னிரண்டு.

நேற்று நாலு பன்னிரண்டுக்கு அவர் யாரிடம் பேசிக்கொண்டிருந்தார் என்று அவள் யோசிக்க வேண்டியதே இல்லை. குழாய் சரிசெய்ய வருகிறேன் என்று சொன்ன ஆள் வராததைப் பற்றி மூன்று நிமிஷம் புலம்பினாள். அவர் உம் உம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். படத்தில் வண்டி எந்த ஓரத்திலும் நிற்கவில்லை. நடு ரோட்டில், இரண்டு லாரிக்கு நடுவே போய்க்கொண்டிருந்தது. இழுப்பறையில் கிடக்கும் இரண்டு நோட்டீஸில் எந்தச் சாலை என்று படித்திருக்கிறாள், எத்தனை மணி என்று படித்ததில்லை. அதில் என்ன நேரம் போட்டிருக்கும் என்று நினைக்கவே இப்போது பயமாக இருந்தது.

சந்தேகமான படத்தைப் 'பிறகு' என்று அழுத்திக் கால் மணி நேரம் தள்ளிவைக்கலாம். கழுகு வாழ்க்கையில் முதல் தடவையாக அதை அழுத்தினாள். பக்கத்து இருக்கைப் பெண் திரும்பிப் பார்த்து, உங்களுக்கே சந்தேகமா அக்கா என்றாள். கண் எரிகிறது என்று சொல்லி வைத்தாள்.

நாலு பத்துக்குக் கதவு திறந்தது. அலமாரியிலிருந்து போனை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். இன்றைக்குக் கூப்பிடப் போவதில்லை. இந்த நேரம் அவர் பாலத்தில் ஏறிக்கொண்டிருப்பார், பின்னால் பதினாலும் இருக்கும். கூப்பிடாமல் இருப்பதுதான் அவளால் செய்யக்கூடிய ஒரே நல்ல காரியம் என்று பட்டது. நாலு பதினொன்று. பன்னிரண்டு. கை நமநமவென்றது. பதின்மூன்று.

நாலு பதினாலுக்குப் போன் அதிர்ந்தது. அவர்தான்.

இதை அவள் நினைத்துப் பார்க்கவேயில்லை. அவர் வழியில் அவளைக் கூப்பிட்டதே கிடையாது. கூப்பிட வேண்டிய அவசியத்தை அவள் வைத்ததில்லை. எடுத்தால் அவர் பேசிக்கொண்டே ஓட்டுவார். எடுக்கவில்லை. அடங்கியது. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் மறுபடி அதிர்ந்தது. இப்போது அவர் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து, வாத்துக் கட்டை விரலால் அவள் பேரை அழுத்தியிருக்கிறார். எடுக்காவிட்டால் மறுபடி குனிவார். ஆயிரம் படங்களில் பார்த்த அந்தக் குனிவு. எடுத்தாலும் ஆபத்து, எடுக்காவிட்டாலும் ஆபத்து. மூன்றாவது முறை அதிர்ந்ததும் எடுத்துவிட்டாள்.

என்ன ஆச்சு, உடம்பு சரியில்லையா என்று படபடத்தார் அவர். வண்டி எங்கே இருக்கிறது என்று அவள் கேட்டாள்.

"ஓரமா நிறுத்திட்டேன், சொல்லு."

பின்னால் பிள்ளைகளின் கூச்சல். அதற்கும் அடியில், எஞ்சின் ஏறி இறங்குகிற சத்தம். ஆறு வருஷமாக இந்தச் சத்தம் அவள் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. கழுகுக்குக் கண் இருந்தது, காது இல்லை. இருந்தும் கேட்க மனசில்லை என்பதுதான் உண்மை.

"நிறுத்தல," என்றாள். "இப்ப நிறுத்துங்க. பாத்து, பின்னாடி வண்டி வருதான்னு பாத்து, ஓரங்கட்டுங்க. கைபிரேக் இழுக்கிற சத்தம் எனக்குக் கேக்கணும்."

சிரிக்க ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். டிக் டிக்கென்று இண்டிகேட்டர் விளக்கு அடிக்கும் சத்தம். பிறகு கைபிரேக் கரகரத்தது. எஞ்சின் அடங்கியது. ஏன் நின்றுவிட்டோம் என்று ஒரு பிள்ளை கேட்டது. அந்த அமைதியில்தான் ஆறு வருஷமாகத் தான் கேட்டது எதுவும் நின்ற வண்டியின் சத்தம் இல்லை என்று அவளுக்குப் புரிந்தது. படத்தைப் பற்றிச் சொன்னாள். வாத்து, நீல நூல், நாலு பன்னிரண்டு, எல்லாவற்றையும்.

"எடுக்கலன்னா நீ தவிச்சுப் போயிடுவே," என்றார் அவர். "முதல் நாள் நிஜமாவே நிறுத்தினேன். தெனமும் எங்க நிறுத்துறது? பிள்ளைங்க வீட்டுல லேட்டுன்னு கத்துறாங்க. இன்னிக்கு உன் போன் வரல. உனக்கு என்னவோ ஆயிடுச்சுன்னுதான் நானே கூப்பிட்டேன்."

படம் இப்போது யாரிடம் இருக்கிறது என்று கேட்டார். என்னிடம்தான், வேறு யாரும் பார்க்கவில்லை என்றாள். இல்லை என்று அழுத்திவிடு என்று அவர் சொல்வார் எனக் காத்திருந்தாள். சொல்லியிருந்தால் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம், மனசு லேசாகியிருக்கும். அவர் சொல்லவில்லை. பிள்ளைகள் காத்திருக்கிறார்கள், கிளம்புகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

இருக்கைக்கு வந்தபோது படத்துக்கு இன்னும் ஒரு நிமிஷம் பாக்கி இருந்தது. இல்லை என்று அழுத்தினால் ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது. நூறில் ஒரு படத்தைத்தான் இன்னொருவர் சரிபார்ப்பார். கழுகு 'இல்லை' என்று சொன்ன படத்துக்கு அதுகூடச் செய்ய மாட்டார்கள். அவர் சம்பாதித்துக்கொண்டிருப்பார், நாளைக்கும் நாலு பத்து வரும். படத்தை ஒரு தடவை பெரிதாக்கிப் பார்த்தாள். ஓட்டுநர் இருக்கையின் முதுகை, பின்னாலிருந்து ஒரு சின்னக் கை பிடித்துக்கொண்டிருந்தது. அவரிடம் அதை அவள் சொல்லவில்லை.

யாரும் தொடாத பொத்தானைத் தொட்டாள். பிறகு எழுந்து, மேலதிகாரியின் அறைக்குப் போய் நின்றாள். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தார். இதில் மேலே அனுப்ப என்ன இருக்கிறது, செல்போன்தானே என்றார்.

"அது எங்க வீட்டுக்காரர் சார். எதிர்ப்பக்கம் பேசினது நான்."

அவர் அவளைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். ஏற்கெனவே இரண்டு இருக்கிறதா என்று கேட்டார். தலையாட்டினாள். கொஞ்ச நேரம் கையைப் பிசைந்தார். நல்ல மனுஷன்தான் பாவம்.

"கூப்பிட்டது யாருன்னு கேக்க இதுல கட்டமே இல்லையேம்மா," என்று சொல்லிவிட்டு, ஆம் என்று அழுத்தினார்.

இடைவேளையை மதியம் இரண்டு மணிக்கு, அவர் வண்டி எடுக்கும் முன்னால், மாற்றித் தர முடியுமா என்று மட்டும் அவள் கேட்டாள். பார்க்கிறேன் என்றார்.

அதற்குப் பிறகு வேலை முடிகிற வரைக்கும் அவள் எப்படி உட்கார்ந்திருந்தாள் என்று அவளுக்கே தெரியாது. மனசு உடைந்த ஒரு மனுஷனைப் பிள்ளைகளோடு ரோட்டில் விட்டுவிட்டோமே என்று அடித்துக்கொண்டது. அவர் பாலத்தைத் தாண்டினாரா, ரவுண்டானாவைத் தாண்டினாரா, தெரிந்துகொள்ள ஒரு வழியும் இல்லை. ஆறு வருஷத்தில் முதல் தடவையாக, தெரியாமலேயே இருந்தாள். படங்கள் வந்துகொண்டிருந்தன. சீப்பு, இல்லை. செல்போன், ஆம். செல்போன், ஆம். ஒவ்வொரு ஆமுக்கும் எதிர்ப்பக்கம் யார் என்று மனசு கேட்டது. அம்மாவா, பெண்டாட்டியா, பத்திரமாகப் போகிறாயா என்று கேட்கத்தான் கூப்பிட்டார்களா? பக்கத்து இருக்கைப் பெண்ணுக்குப் பத்து விநாடி ஆகிற படத்துக்கு அன்று அவளுக்கு இருபது ஆயிற்று.

ஆறு மணிக்கு ஓடிப்போய் அலமாரியைத் திறந்தாள். சாவி இரண்டு தடவை கை தவறி விழுந்தது. போனில் நாலு பதினேழுக்குப் பிறகு ஒரு அழைப்பும் இல்லை. ஐந்து முப்பத்தெட்டுக்கு ஒரே ஒரு செய்தி வந்திருந்தது. அவர் செய்தி அனுப்புகிற ஆளே இல்லை, எழுத்தைத் தேடித் தேடி அடித்திருப்பார்.

'பதினாலு பேரையும் இறக்கியாச்சு. சாவி என் கையில இருக்கு. இப்ப கூப்பிடு.'